நாடக மேடையும் மத உணர்வும்: மைசூரு எழுப்பிய கேள்விகள்; சட்டம் சொல்வது என்ன?

மைசூரு: நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசும் வசனம் ஒரு மதத்தினரின் உள்ளத்தைப் புண்படுத்தினால், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? எழுதியவரா, நடித்தவரா, மேடை அளித்த நிறுவனமா? அந்த நிறுவனம் அரசுடையதாக இருந்தால் அரசின் கடமை என்ன? கர்நாடகத்தின் பண்பாட்டுத் தலைநகர் என அழைக்கப்படும் மைசூரில் 2022-ஆம் ஆண்டு எழுந்த ஒரு சர்ச்சை, இக்கேள்விகள் அனைத்தையும் ஒருசேர முன்வைத்தது.

மைசூரு கலாமந்திர வளாகத்தில் இயங்கும் 'ரங்காயணா', கர்நாடக அரசின் கன்னட மற்றும் பண்பாட்டுத் துறையின் ஆதரவில் செயல்படும் நாடக நிறுவனமாகும். நாடக மேதை பி.வி. காரந்தைத் தலைமை இயக்குநராகக் கொண்டு 1989-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மாத ஊதியம் பெறும் கலைஞர்களைக் கொண்ட நிரந்தரக் குழுவுடன் இயங்கி வருகிறது. அதன் இயக்குநராக இருந்த அட்டண்ட சி. காரியப்பா எழுதி இயக்கிய 'திப்பு நிஜ கனசுகளு' என்ற கன்னட நாடகம், 2022 நவம்பரில் இங்கு அரங்கேறியது. 'திப்புவின் உண்மைக் கனவுகள்' என்பது அத்தலைப்பின் பொருள்.

நாடகம் நூல் வடிவிலும் வெளியானது. அந்நூலுக்கு எதிராக, மாவட்ட வக்ஃபு வாரியக் குழுவின் முன்னாள் தலைவர் ஒருவர் பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தை அணுகினார். திப்பு சுல்தான் குறித்து வரலாற்று ஆதாரமற்ற செய்திகள் நூலில் உள்ளன. முஸ்லிம் சமூகத்தினரை இழிவாகச் சுட்டும் சொல் பயன்படுத்தப்பட்டுள்ளது. பாங்கு அழைப்பு குறித்த குறிப்பும் மத உணர்வைப் புண்படுத்துகிறது என்பன அவருடைய வாதங்கள். வரலாற்றில் மறைக்கப்பட்ட உண்மைகளையே நாடகம் எடுத்துரைக்கிறது என்பது ஆசிரியர் தரப்பின் நிலைப்பாடு.

2022 நவம்பர் 22 அன்று, நூலை இணையவழியிலோ வேறு வழியிலோ விற்பதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சர்ச்சைக்குரிய நூல்கள் விரைவாக விற்றுத் தீர்ந்துவிடும் என்பதால், எதிர்த்தரப்பின் விளக்கத்துக்குக் காத்திருந்தால் வழக்கின் நோக்கமே பயனற்றுப் போகும் என நீதிமன்றம் காரணம் கூறியது. அதே சமயம், தங்கள் சொந்தப் பொறுப்பில் நூலை அச்சிட்டு இருப்பு வைத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. தடை நூலின் விற்பனைக்கு மட்டுமே பொருந்தியது. நாடகம் மேடையேறுவதை அது தொடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மன்னர் வேறு, மதம் வேறு

இத்தகைய வழக்குகளில் முதலில் பிரித்தறிய வேண்டியது எதன் மீதான விமர்சனம் என்பதையே. திப்பு சுல்தான் மைசூரு அரசை ஆண்டு, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயப் படையுடன் போரிட்டு உயிர்நீத்த மன்னர். ஒரு மன்னரின் ஆட்சியைக் கடுமையாக விமர்சிப்பது வேறு. ஒரு சமூகத்தையோ அதன் வழிபாட்டையோ இழிவுபடுத்துவது வேறு. முன்னது வரலாற்று விவாதம். பின்னது நிரூபிக்கப்பட்டால் மட்டுமே மத உணர்வு குறித்த சட்டப் பிரிவுகள் நுழைய இடமுண்டு. பெங்களூரு மனுவில் இவ்விரு வகைக் குற்றச்சாட்டுகளும் கலந்தே இடம்பெற்றிருந்தன.

திப்பு குறித்த நினைவும் கர்நாடகத்தில் ஒன்றாக இல்லை. குடகுப் பகுதி மக்களும் மங்களூரு கத்தோலிக்கர்களும் அவருடைய ஆட்சியில் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட துயரத்தை மறக்கவில்லை. மறுபுறம், 1791-இல் மராட்டியப் படையினரால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு உதவுமாறு ஆணையிட்டு, மடாதிபதிக்கு அவர் எழுதிய கடிதங்களும் வரலாற்று ஆவணங்களாக உள்ளன. 1916-இல் மைசூரு தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஆர். நரசிம்மாச்சார் இக்கடிதங்களைக் கண்டறிந்தார்.

இந்த இரட்டை நினைவு நாடகத் துறையிலும் பிரதிபலித்தது. இந்திய விடுதலையின் பொன்விழாவையொட்டி பிபிசி வானொலிக்காக கிரீஷ் கர்னாட் எழுதிய நாடகம் 'திப்புவின் கனவுகள்'. திப்பு தம் கைப்பட பாரசீக மொழியில் பதிவு செய்த கனவுக் குறிப்புகள் அதற்கு அடிப்படை. காரியப்பாவின் தலைப்பில் உள்ள 'நிஜ' என்ற சொல், கர்னாட் நாடகத்துக்கான மறுமொழியாகவே வாசிக்கப்பட்டது. ஒரு நாடகத்துக்கு இன்னொரு நாடகத்தால் பதில் சொல்வது மேடை மரபில் புதிதன்று.

மைசூரு அறிந்த பழைய சான்று

அந்த மரபுக்கு மைசூரிலேயே வலுவான முன்னுதாரணம் உண்டு. கன்னடத்தின் மகாகவி குவெம்பு 1944-இல் 'சூத்ர தபஸ்வி' என்ற நாடகத்தை வெளியிட்டார். தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் ராமனால் கொல்லப்படும் உத்தரகாண்டக் கதையே அதன் கரு. ஆனால் குவெம்புவின் நாடகத்தில் சம்பூகன் கொல்லப்படுவதில்லை. சாதிச் செருக்குடன் நீதி கேட்டு வந்த அந்தணரே இறுதியில் மனம் மாறி அத்தவசியை வணங்குகிறார்.

புனிதமாகக் கருதப்படும் ஒரு கதையை இவ்வாறு மாற்றலாமா என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. கன்னடச் சிறுகதையின் முன்னோடியான மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் நாடகத்தை விமர்சித்தார். விவாதம் இலக்கியத் தளத்திலேயே நடைபெற்றது. நாடகம் நிலைத்தது, விமர்சனமும் நிலைத்தது. பின்னாளில் மைசூரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற குவெம்பு, ராமனையே காவியத் தலைவனாகக் கொண்ட 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' நூலுக்காக 1967-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். ஒரு மத மரபைக் கேள்வி கேட்பவர் அம்மரபின் பகைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

கர்நாடகத்தின் நாட்டார் கலையிலும் இதற்கு இடமுண்டு. கடலோர மாவட்டங்களின் தாளமத்தளை அரங்கில், ராவணன் வேடமேற்பவர் ராமனைப் பழித்து மணிக்கணக்கில் வாதிடுவார். பக்தர்களே அதைக் கேட்டு ரசிப்பர். பேசுவது பாத்திரம், கலைஞர் அல்லர் என்ற புரிதல் அவையில் உள்ள அனைவருக்கும் உண்டு. தமிழகத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரனின் கேலிக்குக் கிடைக்கும் சலுகையும் இத்தகையதே. இந்தப் புரிதல் உடையும் இடத்தில்தான் வழக்குகள் பிறக்கின்றன.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது?

அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு கருத்துரிமையை வழங்குகிறது. அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிப்பதற்கான காரணங்களையும் அப்பிரிவே பட்டியலிடுகிறது. பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கம், அவதூறு உள்ளிட்டவை அதில் உள்ளன. 'மத உணர்வு புண்படுதல்' என்ற காரணம் தனியே அப்பட்டியலில் இல்லை.

எனினும் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு விடுதலைக்கு முன்பிருந்தே உள்ளது. லாகூரில் வெளியான ஒரு நூல் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியதைத் தொடர்ந்து, 1927-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 299-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. இக்குற்றத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

இப்பிரிவின் செல்லுபடித்தன்மையை ராம்ஜி லால் மோடி வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் ஒரு முக்கிய வரையறையையும் அளித்தது. ஒரு வகுப்பினரின் மத உணர்வைச் சீண்டும் திட்டமிட்ட, தீய நோக்கத்துடன் செய்யப்படும் அவமதிப்பு மட்டுமே குற்றமாகும். அறியாமலோ கவனக்குறைவாகவோ நேர்ந்த அவமதிப்பு இப்பிரிவின் கீழ் வராது. கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியைத் திருமாலின் வடிவில் சித்தரித்த பத்திரிகை அட்டைப்படம் தொடர்பான வழக்கை 2017-இல் ரத்து செய்தபோதும், உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலைப் பயன்படுத்தியது.

ஆக, புண்பட்டவரின் வேதனை உண்மையானதாகவே இருக்கலாம். அந்த வேதனை மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது. செய்தவரின் நோக்கமும் நிரூபிக்கப்பட வேண்டும். மேலும், இப்பிரிவின் கீழ் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்பதற்கு அரசின் முன் அனுமதியும் தேவை.

இதற்காக நம்பிக்கையாளரின் உணர்வை நீதிமன்றங்கள் அலட்சியப்படுத்துகின்றன என்று கருதிவிட முடியாது. திருச்சியில் 1953-இல் பெரியார் ஈ.வெ. ராமசாமி பிள்ளையார் உருவத்தை உடைத்தது தொடர்பான வழக்கில், 1958-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு நம்பிக்கை பகுத்தறிவுக்கு உகந்ததா என்று பாராமல் அனைத்து வகுப்பினரின் மத உணர்வுகளுக்கும் நீதிமன்றங்கள் மதிப்பளிக்க வேண்டும் என அறிவுறுத்தியது.

யாருடைய கண்ணோட்டத்தில் ஒரு படைப்பை எடைபோடுவது என்ற கேள்விக்கும் விடை உண்டு. பிரிவினைக் கலவரத்தைச் சித்தரித்த 'தமஸ்' தொலைக்காட்சித் தொடர் குறித்த 1988-ஆம் ஆண்டு வழக்கில், எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனமான மனத்தினரின் அளவுகோல் பொருந்தாது. நியாய உணர்வும் மன உறுதியும் கொண்டவரின் அளவுகோலே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கிலும் இதையே அது மீண்டும் வலியுறுத்தியது.

நூலுக்கு ஒரு சட்டம், மேடைக்கு ஒரு சட்டம்

மைசூரு நாடகத்தில் நூலுக்குத் தடை விதிக்கப்பட்டும் மேடை தொடப்படாமல் இருந்தது பலருக்கு வியப்பளித்திருக்கலாம். அங்கு நீதிமன்றம் கேட்கப்பட்டது நூல் விற்பனையைப் பற்றி மட்டுமே. பொதுவாகவும், அச்சிட்ட நூலுக்கும் நிகழ்த்துகலைக்கும் சட்டம் தனித்தனி வழிகளை வகுத்துள்ளது.

அச்சிட்ட நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியாக மாநில அரசுகளுக்கு உண்டு. கர்நாடகத்தில் பி.வி. நாராயணா எழுதிய 'தர்மகாரணா' என்ற கன்னட நாவலில், பசவண்ணரின் சகோதரி பற்றிய பகுதி லிங்காயத்துச் சமூகத்தினரைப் புண்படுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு நாவலைப் பறிமுதல் செய்தது. எழுத்தாளர் பரகூர் ராமச்சந்திரப்பா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், அரசின் ஆணை செல்லும் என 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பசவண்ணரின் காலத்தைக் களமாகக் கொண்ட எச்.எஸ். சிவபிரகாஷின் 'மகாசைத்ர' நாடகம் மேடையேறிப் பாராட்டுப் பெற்றது. ஆனால் பல்கலைக்கழகப் பாடநூலாக இடம்பெற்ற நிலையில், 1990-களின் நடுப்பகுதியில் அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரே படைப்பு, அரங்கில் பார்க்கப்படும்போதும் மாணவரின் கையில் பாடமாக வைக்கப்படும்போதும் வெவ்வேறாக உணரப்படுகிறது என்பதை இது காட்டுகிறது.

மேடைக்கான கட்டுப்பாடு 1876-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தில் தொடங்குகிறது. விடுதலைக்குப் பின்னரும் மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றின. சென்னை மாகாணத்தில் 1954-இல் இயற்றப்பட்ட சட்டம், நடிகர் எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை மனத்தில் கொண்டே வந்தது எனக் கூறப்படுவதுண்டு. அன்றைய மைசூரு மாநிலத்திலும் 1964-இல் நாடகங்களைத் தடை செய்ய அதிகாரமளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டங்களை நீதிமன்றங்கள் ஐயத்துடனேயே அணுகின. பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாக நடித்தது தொடர்பான வழக்கில், 1876-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956-இல் கூறியது. நாடகக் கலைஞரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காலாவதியான சட்டங்களின் வரிசையில் சேர்த்து நாடாளுமன்றமும் பின்னர் நீக்கியது.

கூட்டம் கூடினால் யாரைத் தடுப்பது?

நாடகம் நூலைப் போலன்று. அது கூடியிருக்கும் மக்கள் முன் நிகழ்வது. எதிர்ப்பும் அங்கேயே, அப்போதே வெடிக்கக்கூடும். சட்டம்-ஒழுங்கைக் காரணம் காட்டி நாடகத்தை நிறுத்துவதே நிர்வாகத்துக்கு எளிய வழியாகத் தோன்றும்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே விடையளித்துள்ளது. 'ஒரே ஒரு கிராமத்திலே' தமிழ்த் திரைப்படம் தொடர்பான எஸ். ரங்கராஜன் வழக்கில், போராட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. அவ்வாறு செய்வது மிரட்டுபவரிடம் சரணடைவதாகும் என்று அது கூறியது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலாது என அரசு கைவிரிக்கவும் முடியாது. ஆபத்து தொலைவில் உள்ள ஊகமாக இருத்தல் போதாது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போலப் படைப்போடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையொட்டியதே. பிரிட்டனில் 1737 முதல் நடைமுறையில் இருந்த நாடகத் தணிக்கை, 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. ஆயினும் 2004 டிசம்பரில், குருத்வாராவைக் களமாகக் கொண்ட 'பெஹ்ஸ்தி' நாடகம் சீக்கியர்களின் போராட்டத்தால் பர்மிங்காம் நகரில் பாதியிலேயே கைவிடப்பட்டது. தணிக்கைச் சட்டம் இல்லாத நாட்டிலும், பாதுகாப்பு உறுதி செய்யப்படாவிட்டால் மேடை மௌனமாகிவிடும் என்பதே அந்நிகழ்வு தந்த பாடம்.

அரசு மேடையின் கூடுதல் பொறுப்பு

மைசூரு சர்ச்சையைப் பிற வழக்குகளிலிருந்து வேறுபடுத்துவது மேடையின் உரிமையாளர் யார் என்பதே. தனியார் குழு ஒன்று ஒரு நாடகத்தை நடத்தினால், விரும்பாதவர் விலகியிருக்கலாம். அரசு நிறுவனம் மக்கள் வரிப்பணத்தில் இயங்குகிறது. அதில் எல்லா மதத்தினரின் பங்கும் உண்டு. அத்தகைய மேடையில் தம் சமூகத்தைச் சுட்டும் இழிசொல் ஒலிப்பதாக ஒருவர் உணரும்போது, அரசே அவ்வாறு பேசுவதாக அவருக்குத் தோன்றுவது இயல்பு.

திப்பு விவகாரம் அரசியலோடு பின்னியிருந்தது இதை மேலும் சிக்கலாக்கியது. 2015-இல் சித்தராமையா தலைமையிலான காங்கிரஸ் அரசு திப்பு பிறந்தநாளை அரசு விழாவாகக் கொண்டாடத் தொடங்கியது. 2019 ஜூலையில் பாஜக அரசு அதை ரத்து செய்தது. அந்த ஆட்சிக்காலத்தில் ரங்காயணாவின் இயக்குநராக நியமிக்கப்பட்ட காரியப்பா, 2023 மே மாதம் ஆட்சி மாறியதையடுத்துப் பதவி விலகினார்.

ஆட்சிக்கு ஆட்சி மேடையின் குரல் மாறுமானால், புண்படுவோரும் மாறி மாறி வருவர். சம்பூகன் கதையை மாற்றி எழுதும் உரிமையை ஆதரிப்பவர் திப்புவை விமர்சிக்கும் நாடகத்துக்குத் தடை கோருவதும், திப்பு நாடகத்துக்குக் கருத்துரிமை கோருபவர் ராமாயணத்தை விமர்சிக்கும் நாடகத்துக்குத் தடை கோருவதும் முரணாகும். நீதிமன்றங்கள் வகுத்துள்ள 'தீய நோக்கம்' என்ற அளவுகோல் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அதை ஒரே கண்ணால் பார்த்தால் மட்டுமே அது அளவுகோலாக இருக்கும்.

என்ன வழிகள் உள்ளன?

நாடகம் ஒன்றால் மனம் புண்பட்டதாகக் கருதுபவருக்குச் சட்ட வழிகள் திறந்தே உள்ளன. காவல் துறையில் புகார் அளிக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். அமைதியான முறையில் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். விமர்சனம் எழுதலாம், மாற்று நாடகமே படைக்கலாம். அரங்கினுள் புகுந்து நிகழ்ச்சியை நிறுத்துவதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

படைப்பாளரின் தரப்பிலும் கடமை உண்டு. ஒரு பாத்திரத்தின் காலத்தையும் குணத்தையும் காட்டுவதற்கு ஒரு கடுஞ்சொல் தேவைப்படலாம். அந்தத் தேவை நாடகத்துக்குள் விளங்கினால், நீதிமன்றத்திலும் அதுவே அவருக்குத் துணை நிற்கும். தேவையின்றி வரும் இழிசொல்லைப் பாத்திரத்தின் பெயரால் எந்நாளும் காத்துவிட முடியாது. வரலாற்றை நாடகமாக்குபவர், எது ஆவணம், எது கற்பனை என்பதை வெளிப்படையாக அறிவிப்பதும் பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

அரசு நாடக நிறுவனங்களைப் பொறுத்தவரை, நாடகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஒரு தனிநபரிடமோ ஆளும் கட்சியின் விருப்பத்திடமோ குவியாமல், பலதரப்பட்ட கலைஞர்கள் அடங்கிய குழுவிடம் இருப்பதே பொருத்தமானது. கர்னாடின் திப்புவும் காரியப்பாவின் திப்புவும் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே மேடையில் ஏறக்கூடிய நிலை உருவானால், எது உண்மைக்கு நெருக்கமானது என்பதை மைசூரின் ரசிகர்களே முடிவு செய்துகொள்வர்.